புகாரா கம்பளம் புகாராவில் நெய்ததா? உஸ்பெக் கம்பள நெசவு, அடியிலிருந்து

கடையில் 'புகாரா' என்று சீட்டு ஒட்டிய கம்பளம் ஏறக்குறைய எப்போதும் ஒரே முகம் காட்டும். சிவப்புத் தரை, அதில் வரிசை வரிசையாக எட்டுமூலைப் பூக்கள், சுற்றிலும் அடுக்கடுக்காய்க் கரை. லாகூரில் நெய்ததிலும் அந்தச் சீட்டு இருக்கும், உத்தரப் பிரதேசத்து பதோஹியில் நெய்ததிலும் இருக்கும், நூறாண்டு பழைய துர்க்மேன் கம்பளத்திலும் இருக்கும். உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரத்துக்கே போய் அங்குள்ள பழைய கடைவீதிக் குவிமாடங்களுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் பட்டுக் கம்பளங்கள். நூராதா மலையடிவாரத்துப் பழைய வீட்டில் விரித்திருப்பதோ இந்த இரண்டோடும் சேராது. கரடித்தோல் மாதிரி நீண்ட ரோமம், நாலு பட்டைகளைச் சேர்த்துத் தைத்த உடம்பு, கோடும் சாய்சதுரமுமாய்ப் பெரிய பெரிய உருவங்கள்.

மூன்றையும் 'உஸ்பெக் கம்பளம்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். மூன்றும் பிறந்த இடம் வேறு, செய்முறை வேறு, விலைக்கான காரணம் வேறு. தாஷ்கண்ட், சமர்கந்து போய்வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விற்பவர் பொய் சொல்வதால் மட்டும் அல்ல, பெயரே குழம்பிக் கிடப்பதால்.

## முதலில் சில சொற்கள்

எந்தக் கம்பளத்துக்கும் அடிப்படை இரண்டு நூல். நீளவாக்கில் இழுத்துக் கட்டியது பாவு, குறுக்கே போவது ஊடை. இவை இரண்டும் மட்டுமே இருந்தால் அது தட்டை நெசவு. பவானி ஜமுக்காளத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு வரிசை ஊடைக்கும் இடையில் பாவு நூல்களைச் சுற்றித் துண்டு இழைகளை முடிச்சிட்டு, அவற்றின் நுனி மேலே நிற்கும்படி வெட்டிவிட்டால் அது ரோமக் கம்பளம். இழை பட்டாக இருந்தாலும் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பரப்பை ரோமம் என்றே இங்கே சொல்கிறேன்.

முடிச்சு இரண்டு விதம். பக்கத்துப் பக்கத்துப் பாவு நூல் இரண்டையும் முழுதாகச் சுற்றி, இழையின் இரு நுனியும் நடுவில் சேர்ந்து வெளிவருவது துருக்கி முடிச்சு. ஒரு பாவை முழுதாகச் சுற்றி, அடுத்ததன் பின்னால் சும்மா நுழைந்து வருவது பாரசீக முடிச்சு. முன்னது இறுக்கமாகப் பிடிக்கும். பின்னதில் வளைகோடுகள் வழுவழுப்பாக வரும்.

உஸ்பெக் மொழியில் கம்பளத்துக்கு 'கிலம்' என்று பெயர். அவர்கள் பேச்சில் அது ரோமக் கம்பளத்தையும் குறிக்கும், தட்டை நெசவையும் குறிக்கும். சுசானி என்பது துணிமேல் ஊசியால் செய்யும் பூவேலை. அத்லஸ், அத்ரஸ் என்பவை பாவு நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் துணிகள். இரண்டும் உஸ்பெக் நாட்டின் பெருமைதான், ஆனால் கம்பளம் அல்ல.

## 'புகாரா' என்ற பெயர் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது

அந்தச் சிவப்புக் கம்பளத்தை நெய்தவர்கள் துர்க்மேன் இனக்குழுக்கள்: தெக்கே, சாலோர், சாரிக், யோமுத், எர்சாரி. எட்டுமூலைப் பூ அவர்களுடைய 'குல்'. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி குல் உண்டு. அதை வைத்தே கம்பளம் யாருடையது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்கள் நெய்ததை விற்க ஒரு பெருநகரச் சந்தை வேண்டும். அந்தச் சந்தை புகாரா. வாங்கிப்போன வணிகர்கள் நெய்தவர் பெயரை விட்டுவிட்டு, வாங்கிய ஊரின் பெயரை வைத்தார்கள்.

பெயர் உலகம் முழுக்கப் பரவியது ரயிலால். காஸ்பியன் கரையிலிருந்து ரஷ்யப் பேரரசு 1880-இல் போடத் தொடங்கிய தண்டவாளம் 1888-இல் சமர்கந்தை எட்டியது. ஒட்டகத்தில் மாதக்கணக்கில் போன சரக்கு இப்போது வண்டி வண்டியாகப் போனது. ஐரோப்பிய வீடுகளில் 'புகாரா' என்றால் சிவப்புக் கம்பளம் என்று நிலைத்தது அந்தக் காலத்தில்தான்.

பெயர் முழுப் பொய்யும் அல்ல. எர்சாரி குழுவினர் ஆமு நதிக்கரையில், புகாரா அமீரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள். 1920-இல் அமீர் ஆட்சி கவிழ்ந்தபின் அவர்களில் பலர் நதியைக் கடந்து வடக்கு ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். 1979-க்குப் பின் அங்கேயும் போர் மூண்டபோது நெசவாளர் குடும்பங்கள் பாகிஸ்தானுக்கு நகர்ந்தன. அதற்கு முன்பிருந்தே பாகிஸ்தானில் தெக்கே குல்லைப் பார்த்து நெய்யும் தொழில் பெரிதாக வளர்ந்திருந்தது. அங்கே 'மோரி' என்று சொல்லும் ரகத்தின் பெயர் துர்க்மெனிஸ்தானின் மெர்வ் நகரத்திலிருந்து வந்தது.

பழைய துர்க்மேன் கம்பளத்தையும் பாகிஸ்தான் 'புகாரா'வையும் பிரித்தறிய நேர்வழி குஞ்சத்தைப் பார்ப்பது. துர்க்மேன் பாவு ஆட்டு ரோமம், கொஞ்சம் பழுப்பாக, முறுக்கேறி இருக்கும். பாகிஸ்தான் பாவு வெள்ளைப் பருத்தி. துர்க்மேன் கம்பள நெசவு 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததும் துர்க்மெனிஸ்தான் பெயரில்தான், உஸ்பெகிஸ்தான் பெயரில் அல்ல.

## அப்படியானால் உஸ்பெக் நிலத்துக்குச் சொந்தமானது எது

இங்கே இரண்டு ஓட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கின்றன. ஒன்று நகரம். 10ஆம் நூற்றாண்டில் புகாராவின் வரலாற்றை எழுதிய நர்ஷஹி, கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே, பெரிய மசூதிக்கு அருகில் ஒரு நெசவுக்கூடம் இருந்ததைச் சொல்கிறார். கம்பளம், வாசல்திரை, தொழுகை விரிப்பு எல்லாம் அங்கே கலீபாவுக்காக நெய்யப்பட்டன. ஒரே ஒரு திரைக்குப் புகாராவின் நிலவரி முழுதும் செலவானது என்கிறார். திமூர் (தைமூர்) காலத்து நுண்ணோவியங்களில் அரசர்கள் கம்பளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் திமூர் காலத்தது என்று உறுதியாகச் சுட்டத்தக்க முழுக் கம்பளம் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. நகரத்து ஓட்டம் ஓவியத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. இது பின்னால், பட்டுக் கம்பளத்தைப் பற்றிப் பேசும்போது மிகவும் முக்கியமாகும்.

மற்றது கிராமமும் மேய்ச்சல் நிலமும். ஆடு வளர்த்து, குளிர்காலத்தில் ஓரிடம் கோடையில் ஓரிடம் என்று வாழ்ந்த உஸ்பெக் குழுக்கள், குறிப்பாகக் குங்ராத்துகள். கஷ்கதர்யா பகுதியில் பல நூற்றாண்டாய்த் தங்கிவிட்ட மத்திய ஆசிய அரபுகள். ஆரல் கடலருகே கரகல்பாக்குகள். இவர்கள் நெய்தது பெரும்பாலும் சந்தைக்கு அல்ல, வீட்டுக்கு. மகளுக்குச் சீர், மூட்டைப் பை, குதிரைச் சேணத் துணி, கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் நாடா, குளிருக்குப் படுக்கை. சந்தைக்குப் போகாததால் வெளியுலகத்துக்குப் பெயரும் தெரியவில்லை. என் பார்வையில் 'உஸ்பெக் கம்பளம்' என்ற சொல்லுக்கு முதல் உரிமை இவர்களுடைய நெசவுக்குத்தான்.

## பட்டைத் தறி: எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்

கிராமத்துத் தறி தரையோடு தரையாகக் கிடக்கும். நான்கு முளைகளை மண்ணில் அடித்து, முன்னால் ஒரு கட்டை பின்னால் ஒரு கட்டை வைத்து, நடுவே பாவு. அவ்வளவுதான். இடம் பெயரும்போது முளையைப் பிடுங்கி, நெய்தது நெய்யாதது எல்லாவற்றையும் கட்டையில் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். வேலை நடக்கும் விதம் இப்படி:

1. 10 முதல் 15 மீட்டர் நீளத்துக்குப் பாவு இழுக்கிறார்கள். அகலம் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு முழத்துக்குள். ஆட்டு ரோமப் பாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகலம் கூடினால் ஒரு பெண் தனியாகக் கையால் பாவைப் பிரித்துத் தூக்க முடியாது. பட்டை குறுகலாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2. மூன்று கம்புகளை முக்காலியாகக் கட்டிப் பாவுக்கு மேலே நிறுத்தி, அதிலிருந்து விழுதுக் கம்பைத் தொங்கவிடுகிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்றான பாவு நூல்கள் அந்த விழுதில் கட்டியிருக்கும்.

3. நெசவாளி நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து நெய்கிறார். நெய்ய நெய்ய அவரும் முன்னால் நகர்வார், முக்காலியையும் நகர்த்துவார்.

4. ஊடை போனதும் வாள் வடிவில் செதுக்கிய கனமான மரப்பலகையைப் பாவின் பிளவுக்குள் நுழைத்துத் தன் பக்கமாக அடிக்கிறார். இந்த அடியின் பலம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கவேண்டும். காலையில் பலமாக அடித்து மாலையில் கை தளர்ந்தால், காலையில் நெய்த சாய்சதுரம் குட்டையாகவும் மாலையில் நெய்தது நெட்டையாகவும் வரும்.

5. முடிந்த பட்டையை மூன்று நான்கு துண்டாக வெட்டி, பக்கவாட்டில் வைத்துக் கம்பளி நூலால் தைக்கிறார்கள். 12 மீட்டர் பட்டையில் 3 மீட்டர் துண்டு நாலு கிடைக்கும். ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு விரிப்பு ஆகிவிட்டது.

தையலில்தான் பிழை வெளிப்படும். பாவின் இழுவிசை தொடக்கத்தில் ஒரு மாதிரியும் முடிவில் ஒரு மாதிரியும் இருந்தால், ஒரே உருவம் முதல் துண்டில் 40 சென்டிமீட்டர் வந்து கடைசித் துண்டில் 43 வரும். சேர்த்துத் தைக்கும்போது பூவின் இரு பாதியும் பொருந்தாமல் படிக்கட்டுபோல் தள்ளி நிற்கும். பழைய கம்பளங்களில் இந்தத் தள்ளல் இல்லாதது அரிது. இயந்திரத்தில் செய்த போலியில் இருக்கவே இருக்காது.

## ஜுல்ஹிர்ஸ், கஜாரி, மற்றவை

நீண்ட ரோமக் கம்பளத்தின் பெயர் ஜுல்ஹிர்ஸ். 'ஹிர்ஸ்' என்றால் பாரசீகத்தில் கரடி, 'ஜுல்' என்றால் விலங்கின் மேல் போர்த்தும் துணி. பெயரே உருவத்தைச் சொல்லிவிடுகிறது. நூராதா, சமர்கந்து, ஜிசாக் பகுதிகளில் உஸ்பெக், தாஜிக், அரபு வீடுகள் எல்லாவற்றிலும் இதை நெய்திருக்கிறார்கள். ரோமம் சில சென்டிமீட்டர் நீளம். இவ்வளவு நீளம் இருந்தால் முடிச்சு நெருக்கம் தேவையில்லை, ரோமம் சாய்ந்து ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். அதனால் ஒரு முடிச்சு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து ஊடை, சிலவற்றில் அதற்கு மேலும் விடுவார்கள். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரத்தில் சில நூறு முடிச்சுதான் இருக்கும்.

இதை 'முரட்டு வேலை' என்று ஒதுக்குகிறவர்கள் பயனைப் பார்ப்பதில்லை. உறைபனிக் காலத்தில் மண்தரையில் படுப்பதற்கு அடியில் மெத்தையாகவும் மேலே போர்வையாகவும் உதவ, ரோமத்துக்குள் காற்று தங்கவேண்டும். நெருக்கமாக முடிச்சிட்டுக் குட்டையாக வெட்டிய கம்பளத்தில் அது நடக்காது. உருவங்களும் அதற்கேற்ப: நுணுக்கக் கோடு நீண்ட ரோமத்தில் கலைந்துபோகும், ஆகவே பெரிய சாய்சதுரம், படிப்படியான முக்கோணம், ஆட்டுக்கடாக் கொம்பு. அந்தக் கொம்புக்கு 'கோச்கோர் ஷோஹி' என்று பெயர். முக்கோணத்தைத் 'துமோர்' என்பார்கள், தாயத்து.

தட்டை நெசவில் முதலில் சொல்லவேண்டியது கஜாரி. இதில் ஊடை கண்ணுக்கே தெரியாது, உருவம் முழுதும் பாவில்தான். சிவப்பும் நீலமும், அல்லது சிவப்பும் வெள்ளையுமாகப் பாவை இணை இணையாக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு ஊடைக்கும் எந்த நிறம் மேலே வரவேண்டும் என்று விரலாலும் குச்சியாலும் பொறுக்கி எடுக்கிறார்கள். மேலே வராத நிறம் பின்புறம் நூலாகத் தொங்கி ஓடும். வரைபடம் எதுவும் கிடையாது, எண்ணிக்கை முழுதும் மனத்தில்தான். ஒரு இணையைத் தவறாக எடுத்தால் அந்தப் பிழை அடுத்த வரியையும் இழுத்துக்கொண்டு போகும், பிரிப்பதைத் தவிர வழியில்லை. குங்ராத் பெண்கள் இதில் பேர்போனவர்கள். தெர்மா என்ற நெசவு இதற்கு உறவு.

பிறவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிறம் மாறும் இடத்தில் ஊடையையே திருப்பி நெய்வது தகிர். 'தகிர்' என்றால் வழுக்கை, ரோமம் இல்லாதது. கஷ்கதர்யா அரபுகள் அந்த வழியில் நெய்யும் அகலக் கம்பளம் அராபி. வெறும் கோடுகளாக ஓடும் அன்றாட விரிப்பு ஷோல்ச்சா, பலாஸ். நெசவே இல்லாமல் ரோமத்தை நாணல் பாயில் அடுக்கிச் சுடுநீர் தெளித்து உருட்டி அமுக்கிச் செய்வது நமத். கரகல்பாக் கூடார நாடாக்களையும் பைகளையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் போகவேண்டியது நூக்குஸ் அருங்காட்சியகம். ஓவியர் இகோர் சவித்ஸ்கி 1966-இல் தொடங்கியது.

## சாயம்: அழகும் அழிவும் தொடங்கும் இடம்

சிவப்புக்கு 'ரோயன்' வேர். நம் ஊர் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. மூன்றாண்டு வளர்ந்த செடியின் வேரைத் தோண்டி, காயவைத்து இடிக்கிறார்கள். அதில் சிவப்புத் தருவது அலிசரின். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருந்தது அதே பொருள்தான். நீலத்துக்கு 'நீல்', அவுரிச் சாயம். பெயர் நமக்கு அந்நியமில்லை, சரக்கும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டில் முல்தான், காபூல் வழியாக வணிகர்கள் புகாராவுக்குக் கொண்டுபோன இந்தியச் சரக்கில் அவுரி முதன்மையானது. மஞ்சளுக்குப் புல்வெளியில் பூக்கும் இஸ்பரக். மங்கல் மஞ்சளுக்கும் காக்கிக்கும் மாதுளந்தோல். பழுப்புக்கு அக்ரூட் கொட்டையின் பச்சைத் தோல். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளில் முக்கியதை மீண்டும் நீலத்தில் முக்கவேண்டும்.

1 கிலோ ரோமத்துக்கு வேர்ச்சிவப்பு ஏற்றும் முறை:

1. ரோமத்தை இளஞ்சூட்டு நீரில் கொழுப்புப் போக அலசவேண்டும். கொழுப்பு மிஞ்சினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நீர் மிகச் சூடாக இருந்து கையாலும் பிசைந்தால் ரோமம் நமத்தாகிவிடும், பிறகு அதை நூற்க முடியாது.

2. 150 முதல் 200 கிராம் படிகாரம் கரைத்த நீரில் மெல்லச் சூடேற்றி, ஒரு மணிநேரம் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்து, அதிலேயே ஆறவிடவேண்டும். சாயத்தை இழையோடு பிணைப்பது படிகாரம். அதிகம் போட்டால் ரோமம் பிசுபிசுக்கும்.

3. 500 கிராம் முதல் 1 கிலோ வரை வேர்ப்பொடியை முதல்நாளே ஊறவைத்து, ரோமத்தைப் போட்டு, 60 முதல் 70 பாகை வரை மட்டும் சூடேற்றவேண்டும். கெடுவது இந்தப் படியில்தான். சூடு ஏறிவிட்டால் வேரிலுள்ள பழுப்பு நிறப்பொருட்களும் கரைந்து, சிவப்பு செங்கல் நிறமாகும். கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீரில் சிவப்பு நன்றாகத் தெளியும்.

அவுரியின் வழி வேறு. அது நீரில் கரையாது. காரமும் இளஞ்சூடும் உள்ள தொட்டியில் காற்றுப் படாமல் நொதிக்கவைத்தால்தான் கரையும். நூலை வெளியே எடுக்கும்போது மஞ்சள்கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நூலை முக்கும்போது கை காற்றை உள்ளே அடித்துவிட்டால் தொட்டி கெட்டு, நீலம் மேலோடு ஒட்டி, தேய்த்தால் உதிரும்.

கறுப்புக்கு இரும்புச் சத்தையும் துவர்ப்புள்ள காய்களையும் சேர்ப்பார்கள். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் இரும்பு ரோமத்தை உள்ளிருந்தே அரிக்கும். பழைய கம்பளத்தில் சிவப்பு உயரமாகவும் கறுப்புக் கோடுகள் பள்ளமாகவும் இருப்பதைப் பார்த்தால் யாரோ வெட்டிச் செதுக்கினார்கள் என்று தோன்றும். வெட்டவில்லை, அரித்துப்போனது.

1856-க்குப் பின் ஐரோப்பாவில் பிறந்த அனிலின் என்ற செயற்கைச் சாயங்கள் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மத்திய ஆசியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஒரு பொட்டலம், ஒரு பானை, அரைமணி நேரம். வேரைத் தோண்டி இடிக்கும் வேலை போனது. ஆனால் தொடக்ககாலத்து அனிலின் வெயிலில் சாம்பலாக வெளுத்தது, நனைந்தால் வெள்ளைப் பகுதியில் சிவப்பு ஊறியது. ரோமத்தின் நுனி வெளுத்து அடியில் அடர்ஊதா இருக்கும் பழைய கம்பளங்கள் இதற்குச் சாட்சி.

## சோவியத் காலம்

1929-இலிருந்து கூட்டுப்பண்ணை முறை வந்தபோது மந்தைகள் வீட்டைவிட்டுப் போயின. கிராம நெசவுக்கு விழுந்த பெரிய அடி இதுதான், அழகியல் மாற்றம் எல்லாம் பிறகு. சொந்த ஆடு இல்லையென்றால் ரோமம் இல்லை. பருத்தி வயலில் வேலைநாள் கணக்கு இருக்கும்போது 12 மீட்டர் பாவு இழுக்க நேரமும் இல்லை. நகரங்களில் 'ஆர்டெல்' என்ற கூட்டுறவுக் கூடங்களில் பெண்கள் நிமிர்ந்து நிற்கும் தறியில், வரைபடம் பார்த்து, பருத்திப் பாவில் நெய்தார்கள். 1960 வாக்கில் ஆர்டெல்கள் அரசுத் தொழிற்சாலைகளோடு சேர்ந்தன. தலைவர்களின் உருவப்படக் கம்பளங்கள் வந்தன, துர்க்மேன் குல் பொதுவான 'மத்திய ஆசிய' வடிவமானது. கூலி நிலையாகக் கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கஜாரியின் எண்ணிக்கை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அது பாட்டி விரலிலேயே நின்றது.

## இன்றைய பட்டுக் கம்பளம்

1991-இல் நாடு விடுதலை பெற்றபின் பழைய தொழிற்சாலைகள் தளர்ந்தன, சுற்றுலா வந்தது. சீனா, இந்தியாவுக்கு அடுத்தபடி உலகில் அதிகம் பட்டுக்கூடு விளையும் நாடு உஸ்பெகிஸ்தான். ஆக, கைக்கெட்டிய இழை பட்டு. 2001-இல் யுனெஸ்கோ துணையோடு கீவா நகரத்தில், இச்சன் கலா கோட்டைக்குள் பழைய மதரசா ஒன்றில் பட்டுக் கம்பளக் கூடம் தொடங்கியது. இயற்கைச் சாயம் மட்டும். வடிவங்களைத் திமூர் கால ஓவியங்களில் வரைந்திருக்கும் கம்பளங்களிலிருந்தும், கீவாவின் மரக்கதவு, ஓட்டுச் சித்திரங்களிலிருந்தும் எடுத்தார்கள். நகரத்து ஓட்டம் ஓவியத்தில் மட்டும் பிழைத்தது என்று மேலே சொன்னேனே, அதை மீண்டும் நூலுக்குக் கொண்டுவந்த முயற்சி இது. நேர்மையான வேலை. ஆனால் 'தாத்தா காலத்திலிருந்து அறுபடாமல் வரும் பட்டுக் கம்பள மரபு' என்று கடைக்காரர் சொன்னால் அது சரியல்ல.

பட்டுக்கு முதல் வேலை பசை நீக்கம். கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் அது போகும், மினுமினுப்பு வரும். மேலும் கொதித்தால் இழை பிசிறடிக்கும்.

தறி நிமிர்ந்தது. வரைபடத் தாளில் ஒரு கட்டம் ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைப் பாவில் நேராக இழுக்காமல் வில்போல் வளைத்துப் போட்டு, சீப்பால் அடிக்கவேண்டும். நேராக இழுத்தால் இரு கரையும் உள்வாங்கி, இடுப்பு சிறுத்த கம்பளம் ஆகிவிடும். தறியிலிருந்து இறக்கியபின் திருத்த முடியாது.

விலை ஏன் அவ்வளவு என்பதற்குக் கணக்கு போதும். சதுர அங்குலத்துக்கு 400 முடிச்சு என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 6,20,000. பழகிய நெசவாளி நாளுக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவருக்கு 78 நாள். 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளத்தில் 37,20,000 முடிச்சு. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 155 நாள். மாதம் 25 வேலைநாள் என்றால் ஆறு மாதத்துக்கு மேல். சாயம், பாவு கட்டுதல், ரோமம் கத்தரித்தல் எல்லாம் தனி. இந்தக் கணக்குக்குப் பொருந்தாத மலிவு விலையில் 'கைநெசவுப் பட்டு' கிடைத்தால், இழையோ கையோ ஏதோ ஒன்று உண்மையில்லை.

## வாங்குமுன் பார்க்கவேண்டியவை

1. திருப்பிப் பின்புறம் பாருங்கள். கைநெசவில் உருவம் முன்புறம்போலவே தெளிவாக இருக்கும், முடிச்சு வரிசை லேசாக அலையும். பசையும் துணியும் ஒட்டியிருந்தால் கைமுடிச்சு அல்ல.

2. குஞ்சம் பாவின் தொடர்ச்சியாக வரவேண்டும். தனியாகத் தைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி எரியும் நாற்றத்தோடு சுருண்டு, சாம்பல் விரலில் பொடியாகும். காகிதம்போல் எரிந்தால் அது ரேயான் என்ற செயற்கைப் பட்டோ பளபளப்பேற்றிய பருத்தியோ.

4. ஈர வெள்ளைத் துணியால் சிவப்பின் மேல் தேயுங்கள். நிறம் ஏறினால் முதல் சலவையிலேயே கம்பளம் பாழ்.

5. ஒரே நிறம் பட்டை பட்டையாக மாறியிருந்தால் குறையாக எண்ணாதீர்கள். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி தொடங்கிய இடம் அது. ஆனால் ரோமத்தை விரித்தால் அடிவரை ஒரே மாதிரி மங்கலாக இருந்து, முடிச்சும் பழுப்பேறியிருந்தால், தேயிலை நீரில் நனைத்து வயதேற்றியிருக்கலாம்.

6. பழைய ஜுல்ஹிர்ஸ், கஜாரி வாங்க நினைத்தால் சட்டத்தை முதலில் பாருங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக உஸ்பெகிஸ்தானில் தடை உண்டு. புதிய கம்பளத்துக்கும், அது பழையதல்ல என்று காட்டும் சான்றிதழைக் கடையில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது, விமான நிலையத்தில் வாதாட வேண்டியிருக்காது.

## எது பிழைக்கிறது, எது நழுவுகிறது

பட்டுக் கூடங்களுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சமர்கந்தில் பெரிய இயந்திரக் கம்பள ஆலைகள் ஓடுகின்றன. இன்று பெரும்பாலான உஸ்பெக் வீடுகளில் விரித்திருப்பதும், சீரில் போவதும் அந்த ஆலைக் கம்பளமே. இடையில் மாட்டிக்கொண்டது பட்டைத் தறி. ஜுல்ஹிர்ஸில் முடிச்சு குறைவு என்பதால் 'முடிச்சுக்கு இத்தனை' என்று விலை போடும் சந்தையில் அதற்கு மதிப்பே விழாது. அதற்குள் போகும் பல கிலோ ரோமமும், நூற்பும் தைப்பும் அந்தக் கணக்கில் வருவதில்லை. முடிச்சே இல்லாத கஜாரிக்கு அந்தச் சந்தையில் அளவுகோலே கிடையாது. கஜாரியைப் பட்டையாக வெட்டிக் கைப்பையும் செருப்பும் செய்து விற்கிறார்கள். பல இடங்களில் பழைய கம்பளத்தையே வெட்டுகிறார்கள்.

தெற்கு உஸ்பெகிஸ்தானின் பாய்சுன் பகுதியின் நிலை கொஞ்சம் வேறு. அதன் பண்பாட்டுச் சூழலை யுனெஸ்கோ 2001-இல் அறிவித்தது, 2008-இல் உலகப் பட்டியலில் சேர்த்தது. மலையூர்களில் தரைத்தறி இன்னும் முழுதாக மறையவில்லை. அங்கே புதிதாக நெய்த பட்டைக் கம்பளத்தை வாங்குகிறவர் கேட்கவேண்டியது முடிச்சுக் கணக்கை அல்ல: ரோமம் கையால் நூற்றதா, சாயம் எது, பட்டைகள் ஒரே பாவிலிருந்து வெட்டியவையா. இந்த மூன்றுக்கும் நெய்தவர் தறியின் முன்னாலேயே விடை சொல்லிவிடுவார், தையலில் பூ எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் விரல் வைத்துக் காட்டுவார்.